இருநூறு ஆண்டுகள் காக்கப்பட்ட இருதயம்





நாம் காவல்செய்கிற பொருள்கள் பல. இரவில் வீட்டைப் பூட்டுகிறோம். நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைக்கிறோம். பிள்ளைகளின் சான்றிதழ்களை உறையிலிட்டு அலமாரியில் அடுக்குகிறோம். ஆனால் சாலொமோன் ஞானி தன் மகனுக்குப் புத்திசொல்லும்போது, இவை எல்லாவற்றிலும் மேலாகக் காவல் தேவைப்படுவது இருதயத்திற்கே என்கிறார். மனிதனுடைய ஜீவன் ஊற்றெடுக்கும் இடம் அதுவே என்பது அவர் காட்டும் காரணம் (நீதிமொழிகள் 4:23). இந்த வசனத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிற்கு எப்படிக் காவல் வைப்பது? எந்தப் பூட்டு அதற்குப் பொருந்தும்?

இக்கேள்விக்கு விளக்கவுரையைக்காட்டிலும் ஒரு சரித்திரம் தெளிவாக விடை தரும். போதகரும் ஆலயமும் இன்றி, வெளிப்படையாக ஒரு பாடல் பாடவும் உரிமையின்றி, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு ஜனம் தன் விசுவாசத்தைக் காத்துவைத்தது. அவர்கள் ஜப்பான் தேசத்தின் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள். அவர்களுடைய வரலாற்றை இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

மனதில் விதைக்கப்பட்ட விதை

இந்த வரலாற்றின் தொடக்கம் நமது கடற்கரையோடு தொடர்புடையது. 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரை நம் மக்கள் நன்கறிவர். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழியறிந்தோரின் உதவியோடு விசுவாசப் பிரமாணத்தையும், பரமண்டல ஜெபத்தையும், பத்துக் கற்பனைகளையும் தமிழாக்கி, முதலில் தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியை ஏந்தி ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றவற்றை வீடு திரும்பித் தங்கள் பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. எழுத்தறியாத மீனவக் குடும்பங்களிலும் ஜெபம் நாவிலும் நெஞ்சிலும் பதியவேண்டும் என்பதே அவருடைய நோக்கமாயிருந்தது.

அதே சவேரியார் 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமா துறைமுகத்தில் இறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே அதிகமான காலந்தான் அங்கே தங்கினார். அவருக்குப் பின் வந்த ஊழியர்களும் அவ்வாறே ஜெபங்களை மனப்பாடமாகக் கற்பித்தார்கள். விசுவாசிகளைச் சிறு சிறு குழுக்களாக இணைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தனர் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பீடு.

அவர்கள் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய வழிபாட்டு முறைகள் சிலவற்றிற்கும் நம்முடைய உபதேசத்திற்கும் வேறுபாடு உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் கிறிஸ்துவின் நாமத்திற்காக அவர்கள் பட்ட பாடுகளிலிருந்து கற்றுக்கொள்ள அந்த வேறுபாடு நமக்குத் தடையாகாது.

புயல் எழும்பிய காலம்

1587-ஆம் ஆண்டில் ஆட்சியாளரான ஹிதெயோஷி, ஊழியர்கள் தேசத்தைவிட்டு வெளியேறவேண்டும் என்று ஆணையிட்டார். 1597-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகி நகரில் 26 பேர் சிலுவைகளில் கட்டப்பட்டு ஈட்டிகளால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களில் 20 பேர் ஜப்பானியர். மிக இளையவன் 12 வயதுச் சிறுவன். 1614-ஆம் ஆண்டில் தொகுகாவா அரசு தேசம் முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, ஊழியர்கள் நாடு கடத்தப்பட்டனர், ஒளிந்திருந்தவர்கள் வேட்டையாடப்பட்டனர். 1644-ஆம் ஆண்டில் எஞ்சியிருந்த கடைசிக் குருவானவரும் இரத்தசாட்சியாக மரித்தார்.

அரசு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த ஆலயத்தில் தன் பெயரைப் பதிவுசெய்து சான்று பெறவேண்டும் என்று சட்டம் பிறந்தது. ஐந்து வீடுகளை ஒரு தொகுதியாக்கி, ஒரு வீட்டின் குற்றத்திற்கு மற்ற நான்கு வீடுகளும் பொறுப்பு என்றார்கள். காட்டிக்கொடுப்பவர்களுக்கு வெள்ளிப் பணம் பரிசு என்று பொது இடங்களில் பலகைகள் நாட்டினார்கள். எல்லாவற்றிலும் கொடியது "ஃபுமியே" என்ற சோதனை. கிறிஸ்துவின் உருவமோ கன்னி மரியாளின் உருவமோ பதித்த தகட்டைத் தரையில் வைத்து, ஊர் மக்கள் ஒவ்வொருவரும் அதன்மேல் கால் வைக்கவேண்டும். நாகசாகியில் புத்தாண்டுக் காலந்தோறும் இது நடந்தது. மறுத்தவனுக்குச் சிறையும் சித்திரவதையும் மரணமும் காத்திருந்தன.

ஒரு தலைமுறையில் இந்த விசுவாசம் அழிந்துபோகும் என்று ஆட்சியாளர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவ்வாறு எண்ண அவர்களுக்கு நியாயமும் இருந்தது. மேய்ப்பனை வெட்டினால் மந்தை சிதறும் அல்லவா?

அவர்களிடம் எஞ்சியிருந்தவை

பிரியமானவர்களே, அந்தக் கிராமத்து விவசாயிகளிடமும் மீனவர்களிடமும் என்ன மிஞ்சியிருந்தது என்று சற்று எண்ணிப்பாருங்கள். நம் வீட்டு மேசையில் இருப்பதுபோல் முழு வேதாகமம் அவர்களிடம் இல்லை. பிரசங்கம் இல்லை. திருவிருந்து இல்லை. ஞாயிறு காலையில் அழைக்கும் மணியோசை இல்லை. இருந்தவை நான்கு எளிய காரியங்கள் மட்டுமே.

முதலாவது, ஒரு நாட்காட்டி. நாகசாகியை அடுத்த உரக்காமி முதலிய ஊர்களில் ஒவ்வொரு குழுவிலும் நாட்காட்டியைப் பொறுப்பாகக் காக்கும் ஒருவர் இருந்தார். பாஸ்டியன் என்ற உபதேசியார் விட்டுச்சென்றதாக அவர்கள் போற்றிய ஒரு நாட்காட்டியின்படி, இன்று ஞாயிறு, இன்று கிறிஸ்து பிறப்பு, இன்றுமுதல் துக்ககாலம் என்று கணக்கிட்டுச் சொல்வது அவருடைய கடமை. அவர் சொன்னதை வீடு வீடாக இரகசியமாய் அறிவிக்க மற்றொருவர் இருந்தார்.

இரண்டாவது, மனப்பாடமான ஜெபங்கள். "ஒரஷோ" என்று அவற்றை அழைத்தார்கள். ஜெபத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் ஜப்பானிய வடிவம் அது. எழுதி வைத்தால் அகப்பட்டுக்கொள்ளும் ஆபத்து இருந்தது. ஆகவே தாய் மகளுக்கும், தகப்பன் மகனுக்கும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்றாவது, ஞானஸ்நானம். அதைக் கொடுப்பதற்கென்று குழுவில் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். குழந்தை பிறந்தால் அவர் இரகசியமாக வந்து, கற்றிருந்த வார்த்தைகளைச் சொல்லித் தண்ணீர் வார்த்தார்.

நான்காவது, ஒருவரையொருவர் அறிந்திருந்த சிறு ஐக்கியம். அரசு ஐந்து வீடுகளைச் சேர்த்தது உளவு பார்ப்பதற்காக. அவர்களோ வீடுகளைச் சேர்த்தது விசுவாசத்தில் ஒருவரையொருவர் தாங்குவதற்காக.

இவற்றில் எதுவும் வீரச்செயலாகத் தோன்றாது. நாளை எண்ணுவதும், ஜெபத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும், அயலாரோடு அமர்ந்து ஜெபிப்பதும் ஒவ்வொரு நாளும் செய்யத்தக்க சிறிய பழக்கங்கள். ஆனால் இந்தச் சிறிய பழக்கங்களே ஒரு பேரரசின் சட்டத்தை இருநூறு ஆண்டுகளுக்கு எதிர்த்து நின்றன.

விழுந்தவர்களும் எழுந்த வழியும்

இங்கே நாம் அறியவேண்டிய வேதனையான ஒன்றுண்டு. மறைந்து வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் இரத்தசாட்சிகள் அல்லர். அவர்கள் அந்தத் தகட்டின்மேல் கால் வைத்தவர்கள். புத்தாண்டுதோறும் அதிகாரியின் முன்னிலையில் மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள். தங்கள் ஆண்டவரை மறுதலித்தோம் என்ற பாரத்தோடு வாழ்ந்தவர்கள்.

அந்தப் பாரத்தை அவர்கள் எங்கே இறக்கினார்கள்? 1603-ஆம் ஆண்டில், உத்தம மனஸ்தாபத்தைப் பற்றி ஜப்பானிய மொழியில் ஒரு சிறு நூல் எழுதப்பட்டிருந்தது. பாவத்திற்காக உண்மையாய் மனம் நொந்து தேவனை நோக்கித் திரும்பும் வழியை அது கற்பித்தது. குருவானவர் இல்லாத அந்த நாட்களில் அந்நூல் கைப்பிரதிகளாகத் தலைமுறை தலைமுறையாகக் கடந்துவந்தது. மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் கதவை அடைத்து, அந்த மனஸ்தாப ஜெபத்தைச் சொல்லி அழுதார்கள்.

நம்மில் சிலர் ஒருமுறை தவறியபின் ஜெபிப்பதையே நிறுத்திவிடுகிறோம். "எந்த முகத்தோடு தேவசமுகத்தில் நிற்பேன்?" என்ற வெட்கம் நம்மைத் தள்ளிவைக்கிறது. அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுதிய கை இரவில் வேதத்தைத் திறக்கத் தயங்குகிறது. வீட்டில் கடுஞ்சொல் பேசிய நாவு ஜெபிக்கக் கூசுகிறது. சத்துரு விரும்புவதும் இதுவே. ஒரு வீழ்ச்சியைவிட, வீழ்ச்சிக்குப் பின் அறுந்துபோகும் ஜெபமே ஆத்துமாவுக்கு அதிக ஆபத்தானது. பேதுரு மூன்றுமுறை மறுதலித்தான். ஆனால் வெளியே போய் மனங்கசந்து அழுதான். அந்த அழுகையே அவனுக்குத் திரும்பும் வழியாயிற்று. ஆகவே அன்றாடப் பழக்கங்களில் மனஸ்தாபத்திற்கும் ஓர் இடம் வேண்டும். நாள் முடிவில் அந்நாளைத் தேவசமுகத்தில் விரித்துவைத்து, தவறியதை அறிக்கையிட்டு, மன்னிப்பைப் பெற்று உறங்குகிறவனுடைய இருதயத்தில் குற்றமனசாட்சி குப்பையாய்க் குவிவதில்லை.

1865: துக்ககாலத்தின் 17-ஆம் நாள்

ஆண்டுகள் கடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பான் தன் துறைமுகங்களை அந்நியருக்குத் திறந்தது. வெளிநாட்டவரின் பயன்பாட்டிற்கென்று நாகசாகியின் ஓவுரா பகுதியில் ஓர் ஆலயம் கட்டப்பட்டு, 1865-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஜப்பானியர்கள் கிறிஸ்தவர்களாகக்கூடாது என்ற தடை அப்போதும் நீங்கவில்லை.

மார்ச் 17-ஆம் நாள் வெள்ளிக்கிழமை நண்பகல் வேளையில், ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 15 பேர் ஆலய வாசலில் வந்து நின்றார்கள். பெர்னார் பெட்டிஜான் என்ற பிரெஞ்சுக் குருவானவர் கதவைத் திறந்து உள்ளே சென்று முழங்கால்படியிட்டார். சற்று நேரத்தில் சில பெண்கள் அவருக்கு அருகே வந்து முழங்கால்படியிட்டனர். அவர்களில் ஒருத்தி தன் கையை நெஞ்சின்மேல் வைத்து, சுவர்களுக்கும் காதுண்டு என்று அஞ்சியவள்போல் தாழ்ந்த குரலில், இங்கே நிற்கும் எங்கள் எல்லாருடைய இருதயமும் உம்முடைய இருதயத்தைப் போன்றதே என்று சொன்னாள். தாங்கள் உரக்காமியிலிருந்து வந்திருப்பதாகவும், அங்கே ஏறக்குறைய எல்லாரும் இதே மனதுடையவர்கள் என்றும் அவர்கள் தெரிவித்தார்கள்.

பின்பு கன்னி மரியாளின் சொரூபத்தைக் காட்டும்படி கேட்டார்கள். கையில் குழந்தை இயேசுவை ஏந்திய அந்த உருவத்தைக் கண்டதும், கிறிஸ்து பிறந்த நாளைத் தாங்கள் ஆண்டுதோறும் ஆசரித்து வருவதைச் சொன்னார்கள். அதோடு, தாங்கள் இப்பொழுது துக்ககாலத்தின் 17-ஆம் நாளில் இருப்பதாகவும் கூறினார்கள்.

அந்த ஆண்டின் சாம்பல் புதன் மார்ச் 1-ஆம் நாள். ஆகவே மார்ச் 17, லெந்து காலத்தின் 17-ஆம் நாளே. உலகத் திருச்சபையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருளில் வாழ்ந்த விவசாயிகள், ஒரு நாள்கூடப் பிசகாமல் கணக்கைக் காத்திருந்தார்கள்! ஒருவர் மரித்தால் மற்றொருவர் அந்த நாட்காட்டியை ஏற்றுக்கொண்டார். எத்தனையோ பஞ்சங்களும் கைதுகளும் சாவுகளும் வந்தன. ஆயினும் அந்த எண்ணிக்கை நிற்கவில்லை.

"எங்கள் இருதயம்" என்று அந்தப் பெண் சொன்னதைக் கவனியுங்கள். நெஞ்சின்மேல் கைவைத்து அவள் சுட்டிக்காட்டிய இருதயத்தைக் காத்தது அந்த நாட்காட்டியும் தாழ்ந்த குரல் ஜெபமுமே. சாலொமோன் சொன்ன காவல் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

அவர்களுடைய பாடுகள் அன்றோடு முடியவில்லை. வெளிப்படையாக விசுவாசத்தை அறிக்கையிட்டதன் விளைவாக 1867-ஆம் ஆண்டில் கைதுகள் தொடங்கின. 1868 முதல் உரக்காமி மக்கள் ஏறத்தாழ 3,400 பேர் தேசத்தின் பல பகுதிகளுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள். சிலர் பனிக்காலத்தில் உறைநீர்க் குளங்களில் அமிழ்த்தப்பட்டனர். 600-க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். அந்த நாடுகடத்தலை அவர்கள் "பயணம்" என்றே அழைத்தார்கள். 1873-ஆம் ஆண்டில் தடைப் பலகைகள் அகற்றப்பட்டபின், மீந்திருந்தோர் ஊர் திரும்பினார்கள். முன்பு தகட்டை மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்பொழுது உயிரைக் கொடுக்கவும் அஞ்சவில்லை. அந்தத் துணிவு ஒரே நாளில் பிறந்ததா? இல்லை. பல தலைமுறைகளின் ஜெபம் அவர்களுக்குள் சேர்ந்திருந்தது.

தானியேல் முன் செய்துவந்தபடியே

வேதத்திலும் இதே உண்மையைக் காண்கிறோம். முப்பது நாளளவும் ராஜாவைத் தவிர வேறொருவரிடத்திலும் விண்ணப்பம் செய்யலாகாது என்ற கட்டளை பிறந்தபோது, தானியேல் என்ன செய்தான்? புதிதாக எதையும் செய்யவில்லை. எருசலேமுக்கு நேரான பலகணிகள் திறந்திருந்த தன் மேலறைக்குப் போய், தினம் மூன்று வேளையும் முழங்கால்படியிட்டு ஜெபித்தான். அதற்கு முன்னும் அவன் அவ்வாறே செய்துவந்தான் என்று வேதம் குறிப்பாகச் சொல்லுகிறது (தானியேல் 6:10). சிங்கக்கெபியில் அவன் காட்டிய அமைதி, மேலறையில் பல்லாண்டுகள் முழங்காலில் நின்றவனுடைய அமைதி.

ஆதித் திருச்சபையும் இதை அறிந்திருந்தது. பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் தேவாலயத்துக்குப் போனார்கள் (அப்போஸ்தலர் 3:1). அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட "டிடாக்கே" என்ற பழைய போதனை நூல், விசுவாசிகள் பரமண்டல ஜெபத்தை நாள்தோறும் மூன்றுமுறை ஜெபிக்கவேண்டும் என்று கற்பிக்கிறது. உபத்திரவம் வந்தபின் ஜெபிக்கக் கற்றுக்கொள்ள நேரம் இராது என்பதை அந்தத் தகப்பன்மார் உணர்ந்திருந்தார்கள்.

ஓடும் பருப்பும்

ஆயினும் பிரியமானவர்களே, ஜப்பானின் சரித்திரத்தில் ஓர் எச்சரிப்பும் இருக்கிறது. தடை நீங்கியபின் மறைந்திருந்தவர்கள் எல்லாரும் திருச்சபையோடு இணையவில்லை. முன்னோர் காத்த முறையையே இரகசியமாகத் தொடர்ந்தவர்களும் உண்டு. இகிட்சுகி தீவில் அந்தப் பழைய ஜெபங்கள் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவந்தன. லத்தீன், போர்ச்சுகீசியம், ஜப்பானியம் ஆகிய மூன்றும் கலந்து, நாவில் உருண்டு உருண்டு தேய்ந்துபோன அந்தச் சொற்களில் பலவற்றின் பொருள் ஓதுகிறவர்களுக்கே விளங்கவில்லை. அவர்கள் முன்னோர்மேல் வைத்த அன்பையும் உண்மையையும் நாம் இகழக்கூடாது. ஆனால் பொருளை இழந்த பழக்கம் பருப்பில்லாத ஓடாகிவிடக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது. பழக்கம் ஒரு காவல் வேலி. வேலிக்குள் வேதவசனம் என்ற விதை உயிரோடிருக்கவேண்டும்.

மடகாஸ்கர் தீவின் சரித்திரம் இதற்கு மறுபக்கமாக நிற்கிறது. நமது தென்திருவிதாங்கூரில் ஊழியம் செய்த அதே லண்டன் மிஷன் சங்கம் 1818-ஆம் ஆண்டில் அங்கே தன் பணியைத் தொடங்கியது. 1835-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் ராணி ரனவலோனா தன் குடிகளுக்குக் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தாள். அதே ஆண்டில்தான் மலகாசி மொழியில் முழு வேதாகமமும் அச்சேறி முடிந்தது. அடுத்த ஆண்டில் மிஷனரிகள் அனைவரும் வெளியேறும்போது, அந்த வேதாகமங்களை விசுவாசிகளின் கையில் விட்டுச்சென்றார்கள்.

விசுவாசிகள் அவற்றை மண்ணில் புதைத்தும், குகைகளில் ஒளித்தும் காத்தார்கள். இரவில் சில வீடுகளில் கூடி, தங்கள் தாய்மொழியில் வாசித்து ஜெபித்தார்கள். அவர்களை அந்நாட்டு மக்கள் "ஜெபிக்கிறவர்கள்" என்ற பெயரால் அறிந்திருந்தார்கள் என்பது எத்தனை பெரிய சாட்சி! 1837-ஆம் ஆண்டில் ரசலாமா என்ற பெண் ஈட்டியால் குத்தப்பட்டு முதல் இரத்தசாட்சியானாள். 1849-ஆம் ஆண்டில் 14 பேர் செங்குத்தான பாறையிலிருந்து தள்ளப்பட்டார்கள். 4 பேர் எரிக்கப்பட்டார்கள். 1861-ஆம் ஆண்டில் ராணி மரித்து, மிஷனரிகள் மீண்டும் வந்தபோது, கிறிஸ்தவர்களின் தொகை தடைக்கு முன்பு இருந்ததைவிடப் பெருகியிருந்தது. ஜப்பானில் ஜெபப் பழக்கம் விசுவாசத்தைக் காத்தது. மடகாஸ்கரில் ஜெபப் பழக்கத்தோடு, விளங்கும் மொழியிலுள்ள வசனமும் சேர்ந்து, அதை வளரச் செய்தது.

நம்முடைய தகடு எது?

இனி நம்மைப் பார்ப்போம். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி 300 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் வீடுகளில் ஒன்றுக்கு நான்கு வேதாகமங்கள் இருக்கின்றன; கைபேசியிலும் இருக்கிறது. அதை மண்ணில் புதைக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அலமாரியில் பட்டுத்துணி சுற்றி வைக்கப்பட்ட வேதாகமம், புதைக்கப்பட்ட வேதாகமத்தைவிட ஆழத்தில் கிடக்கிறது அல்லவா? மடகாஸ்கரின் விசுவாசி இரவில் அதைத் தோண்டி எடுத்து வாசித்தான். நாமோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துத் தூசி தட்டுகிறோம்.

நம்முன் ஒருவரும் தகட்டை வைத்து மிதிக்கச் சொல்வதில்லை. நம் இருதயத்தைக் கொள்ளையிடுகிறவன் ஈட்டியோடு வருகிறதில்லை, மெதுவாக வருகிறான். படுக்கையில் கண்விழித்ததும் கை கைபேசியைத் தேடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த வாக்குத்தத்த வசனத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, அன்றைய வேதவாசிப்பு முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். இரவு குடும்ப ஜெபத்திற்குரிய வேளையைத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்கிறது. "நாளை ஜெபிப்போம்" என்று சொல்லி ஒரு மாதம் போய்விடுகிறது. எந்தச் சட்டமும் தடுக்காமலே நாட்காட்டி நின்றுபோகிறது.

ஆகவே உங்களை அன்போடு வேண்டுகிறேன்: இந்த வாரம் பெரிய தீர்மானங்கள் எதையும் செய்யவேண்டாம். சிறியதைத் தொடங்குங்கள், விடாமல் செய்யுங்கள்.

ஒரு வேளையைக் குறியுங்கள். காலையில் கைபேசியைத் தொடுமுன் முழங்கால்படியிடுங்கள். பத்து நிமிடமே ஆனாலும் அந்த வேளை மாறாதிருக்கட்டும். உரக்காமியின் நாட்காட்டிக்காரர் ஒரு நாளைத் தவறவிட்டிருந்தால் கணக்கு முழுவதும் குலைந்திருக்கும் என்பதை எண்ணுங்கள்.

வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். வாரத்திற்கு ஒரு வசனம் போதும். அதன் பொருளையும் விசாரித்து அறியுங்கள். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் போதகர்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு: முதிர்வயதில் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்டவர்களும், சிறுவயதில் கற்ற சங்கீதத்தை நாம் தொடங்கினால் கூடவே சொல்லி முடிப்பார்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுக்கிறபோதும், எழுந்திருக்கிறபோதும் தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளோடு பேசவேண்டும் என்று உபாகமம் 6-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. உங்கள் மகன் நாளை வேலைக்காகப் பெங்களூருக்கோ துபாய்க்கோ போவான். அங்கே அவனை அறிந்த போதகர் இருக்கமாட்டார். ஞாயிறு காலையில் எழுப்பும் தாயும் இருக்கமாட்டாள். மேய்ப்பனில்லாத அந்த இடத்திற்கு அவன் எதைச் சுமந்துகொண்டு போவான்? நீங்கள் இன்று அவன் மனதில் வைக்கிறதையே சுமந்துபோவான்.

இரவில் உங்களை நீங்களே ஆராய்ந்து அறிக்கையிடுங்கள். விழுந்திருந்தால் அன்றே எழுந்திருங்கள். வெட்கத்தினால் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள்.

இறுதியாக, தனித்து நில்லாதிருங்கள். உங்கள் தெருவிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்களோடு வாரம் ஒருமுறை கூடி ஜெபியுங்கள். நீங்கள் சோர்ந்திருக்கும் நாளில் மற்றொருவர் நாட்காட்டியைச் சுமப்பார்.

அன்பானவர்களே, நம்மைக் காக்கிறவர் தேவனே. நம் பழக்கங்கள் நம்மை இரட்சிப்பதில்லை. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம். ஆனால் கிருபை நம்மிடம் வரும்போது நம்மை வீட்டில் காணவேண்டும். அன்றாட ஜெபம் என்பது, தேவன் வரும் வழியில் தினந்தோறும் போய் நிற்பது. அந்த ஜப்பானியப் பெண் நெஞ்சின்மேல் கைவைத்துச் சொன்னதை, ஒரு நாள் நம் ஆண்டவருடைய முகத்துக்கு முன்பாக நாமும் சொல்லக்கூடுமோ? அதற்கான காவலை இன்று இரவிலேயே தொடங்குவோமாக.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, சிதறுண்ட ஜனத்தின் இருதயத்தை இருளிலும் காத்தவரே, உம்மைத் துதிக்கிறோம். வசதியின் நாட்களில் தூங்கிப்போன எங்கள் ஆத்துமாவை எழுப்பும். தவறிவிட்டவர்கள் வெட்கத்தினால் விலகிப்போகாதபடி அவர்களை உம்மண்டை சேர்த்துக்கொள்ளும். எங்கள் வீடுகளில் ஜெபவேளையை மீண்டும் நிலைநிறுத்தும். தூரதேசங்களிலிருக்கிற எங்கள் பிள்ளைகளுடைய நெஞ்சில் உம்முடைய வசனத்தை உயிரோடு வைத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.